எக்ஸ்ஆர்டியா, எச்பிஎல்சியா, பிசிஆரா, ஜிஐஎஸ்ஸா: சேலத்துல இருந்துகிட்டே எதக் கத்துக்கலாம்?

எம்எஸ்சி முடிச்ச புள்ளைங்க ரிசல்ட் வந்த கையோட கேக்குற கேள்வி இதுதான். "மாமா, சப்ஜெக்ட் படிச்சாச்சு, கையில ஒரு டெக்னிக் இருந்தாத்தான் வேலைங்கறாங்க, எதுல சேரட்டும்?" அக்கா பொண்ணு கேட்டா. அவ கெமிஸ்ட்ரி. அவ கூட சுத்துற ஒருத்தி ஜியாலஜி, இன்னொருத்தி பாட்டனி, அவங்களுக்கும் அதே கவலைதான். இவங்க முன்னாடி இருக்குறது நாலு: எக்ஸ்ரேய வெச்சு பொருளுக்குள்ள அணு அடுக்க பாக்குற எக்ஸ்ஆர்டி, கலவைய பிரிச்சு அளக்குற எச்பிஎல்சி, டிஎன்ஏவ நகல் எடுத்துப் பெருக்குற பிசிஆர், கம்ப்யூட்டர்ல மேப் போடுற ஜிஐஎஸ். கோர்ஸ் நடத்துறவங்க எல்லாரும் "இத படிச்சா எல்லா துறையிலயும் வேலை"னு நோட்டீஸ் அடிக்கிறாங்க, அது பொய்னும் சொல்ல முடியாது, அப்படியே நம்பிடவும் முடியாது. ஒரே மெஷின் சுரங்கத்து லேப்லயும் இருக்கும், மருந்து கம்பெனியிலயும் இருக்கும், தொல்லியல் ஆளுங்க கிட்டயும் இருக்கும், ஆனா சுரங்கத்துல மெஷின் ஓட்டுனவன மருந்து கம்பெனிக்காரன் கூப்ட்டு உக்கார வெச்சுக்குவானாங்கறது வேற கதை.

அதனால எத்தன துறையில இந்த டெக்னிக் இருக்குன்னு எண்ணிப் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்லீங்க, நாலுமே எல்லா எடத்துலயும் இருக்கு. துறை மாறும்போது கத்துகிட்டதுல எவ்ளோ கூடவே வரும், எவ்ளோ அங்கயே விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கணும், அதத்தான் பாக்கணும்னு நெனக்கிறேன். அது கூட இன்னொன்னும் இருக்கு, சேலத்துல வீட்ல இருந்துகிட்டே மெஷின்ல கை வெக்க முடியுமா. ஹைதராபாத்துலயோ பெங்களூர்லயோ ஹாஸ்டல் எடுத்து படிக்க எல்லார் வீட்லயும் வசதி இருக்காது, பொண்ணுங்களுக்கு வசதி இருந்தாலும் அனுப்ப மாட்டாங்க, அத மறைச்சு பேசி என்ன ஆகப்போகுது.

எக்ஸ்ஆர்டியில ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுக்கு நம்மூர்ல ரோட்டோரத்துலயே சாம்பிள் கெடக்கு. மாமாங்கம், கருப்பூர் பக்கம் போனா வெள்ள வெள்ளையா தெரியுற குன்றுங்க, மேக்னசைட், நம்ம ஆளுங்க வெள்ளக்கல்லுனு சொல்றது, ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன்னு பேரு. இப்ப மூணு வெள்ளக்கல்ல கையில குடுத்து இதுல எது மேக்னசைட் எது டோலமைட் எது கால்சைட்னு கேட்டா கண்ணால சொல்றது கஷ்டம். ஆசிட் சொட்டு விட்டா கால்சைட் உடனே பொங்கும், டோலமைட் மெதுவா, மேக்னசைட் சூடு பண்ணாத்தான் அசையும், அது ஒரு வழி. ஆனா மூணும் கலந்து கெடந்தா ஆசிட் ஒண்ணும் உருப்படியா சொல்லாது. எக்ஸ்ஆர்டியில பொடி பண்ணி வெச்சா, மெஷின்ல சாதாரணமா இருக்குற காப்பர் எக்ஸ்ரேக்கு கால்சைட்டோட பெரிய பீக், அதாவது வரைபடத்துல கூரா ஏறுற முனை, 29.4 டிகிரி கோணத்துகிட்ட, டோலமைட் 31 கிட்ட, மேக்னசைட் 32.6 கிட்ட நிக்கும். கலந்திருந்தா மூணு பீக்கும் தனித்தனியா நிக்கும், அவ்ளோதான், சண்டையே இல்ல.

இது எப்படி நடக்குதுன்னா, கிரிஸ்டல்ல அணுக்கள் அடுக்கடுக்கா ஒழுங்கா இருக்குது, அந்த அடுக்குக்கு நடுவுல இருக்குற இடைவெளிக்கு தகுந்த மாதிரி எக்ஸ்ரே சில கோணத்துல மட்டும்தான் பலமா திரும்பி வரும். 1912ல ஜெர்மனியில லாவே இத காட்டுனாரு, அடுத்து பிராக் அப்பாவும் மகனும் கணக்கா எழுதி வெச்சாங்க, 1915ல ரெண்டு பேருக்கும் சேத்து நோபல், மகனுக்கு அப்ப வயசு 25. முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, எக்ஸ்ஆர்டி என்ன தனிமம் இருக்குன்னு சொல்றதில்ல, இருக்குற அணு எப்படி அடுக்கியிருக்குன்னுதான் சொல்லுது. அதனாலதான் இது இவ்ளோ துறைக்குள்ள போயிருக்கு. வெள்ளக்கல்ல சூளையில போட்டா எடையில பாதிக்கு மேல, 52 சதவீதம், கார்பன் டை ஆக்சைடா போயிடும், மிச்சம் மெக்னீசியம் ஆக்சைடு. நல்லா வெந்துச்சா இல்ல அரைகுறையானு பாக்க 32.6 கிட்ட இருந்த பீக் காணாம போயி 43 கிட்ட புதுசு வந்திருக்கானு பாத்தா போதும். இரும்பாலை மாதிரி எடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல குளிர் உருட்டுல மெலிசாக்கும்போது உள்ள இருக்குற ஆஸ்டினைட்ங்கற அடுக்கு கொஞ்சம் மார்டென்சைட்ங்கற வேற அடுக்கா மாறிடும், காந்தத்துல ஒட்டாத தகடு லேசா ஒட்ட ஆரம்பிக்கும், எவ்ளோ மாறிச்சுனு இதே மெஷின் சொல்லும். ஆஸ்பத்திரியில எடுத்த கிட்னி கல்லையும் இதே மாதிரி பொடி பண்ணி வெக்கலாம், ஆக்சலேட்டா யூரிக் ஆசிட்டானு தெரிஞ்சா மருந்தே மாறுது, யூரிக் ஆசிட் கல்ல மாத்திரையில கரைக்க வழி இருக்கு, ஆக்சலேட்டுக்கு அப்படி இல்ல. மருந்து கம்பெனிக்கு இன்னும் பெரிய தலைவலி, 1998ல ரிடோனவிர்ங்கற எச்ஐவி மருந்து திடீர்னு வேற கிரிஸ்டல் அமைப்புல உருவாக ஆரம்பிச்சு சரியா கரையாம போயி அந்த கேப்சூலையே மார்க்கெட்ல இருந்து எடுக்க வேண்டியதா போச்சு. மூலக்கூறு அதேதான், அடுக்கு மட்டும் வேற.

நம்ம பக்கத்து பெருமையும் இதுல ஒண்ணு இருக்கு. 1954ல மெட்ராஸ் யூனிவர்சிட்டியில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல்லயும் எலும்புலயும் இருக்குற கொலாஜனோட மூணு புரி அமைப்ப எக்ஸ்ரே படத்த வெச்சு சொன்னாங்க, நல்ல சாம்பிளுக்கு தோல் ஆராய்ச்சி நிலையத்துல கேட்டு கங்காரு வால் தசைநாண் வாங்குனாங்க. பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட், தோல் தொழில், பயாலஜி, மூணும் ஒரு படத்துல சேந்துச்சு.

இன்னும் தூரம் போகணும்னா செவ்வாய். 2012ல எறங்குன கியூரியாசிட்டி வண்டிக்குள்ள சின்னதா ஒரு எக்ஸ்ஆர்டி இருக்கு, அங்க மண்ண அள்ளிப் போட்டு பாத்ததுல ஃபெல்ஸ்பார், பைராக்சின், ஆலிவின்னு பாறைக் கனிமங்கள்லாம் வந்துச்சு. ஆலிவின்னா நமக்கு சொந்தக்காரங்கதான், நம்ம வெள்ளக்கல் நரம்பு நரம்பா ஓடுறதே ஆலிவின் நெறஞ்ச டியூனைட் பாறைக்குள்ள.

சரி, துறை மாறுனா என்ன கூட வரும்? இதுல பெரும்பகுதி வரும்னுதான் சொல்வேன். கோணம் எங்க போனாலும் கோணம்தான். பொடிய எவ்ளோ நைசா அரைக்கணும், தட்டுல அமுக்கி வெச்சா படலம் படலமா படுத்துகிட்டு பீக் பொய் சொல்லும், 1 சதவீதத்துக்கு கீழ இருக்குற பொருள நம்பி தேடாத, கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத பொருளுக்கு மொட்டையா ஒரு மேடுதான் வரும், இதெல்லாம் கல்லுக்கும் மாத்திரைக்கும் ஒண்ணுதான். மரவள்ளி மாவையும் ஜவ்வரிசியையும் வெச்சுப் பாத்தாலும் அதே பாடம், வறுத்து வெந்ததுல ஸ்டார்ச்சோட கிரிஸ்டல் கலைஞ்சு பீக் சின்னதாயிடும். கூட வராதது ஒண்ணு இருக்கு, எது இருக்க வாய்ப்பிருக்குங்கற அறிவு. சாஃப்ட்வேர்ல தேடச் சொன்னா அது உலகத்துல இருக்குற எல்லா கனிமத்தையும் எடுத்துப் போடும், சேலத்து கல்லுக்கு எங்கயோ ஆய்வகத்துல செஞ்ச ஒரு செயற்கைப் பொருள் பேரக் கூட சொல்லும், அத பாத்துட்டு அப்படியே தீசிஸ்ல எழுதுற புள்ளைங்க நெறைய. நானோ பண்றேன்னு சொல்றவங்க இன்னும் மோசம், பீக் அகலத்த வெச்சு சைஸ் கண்டுபுடிக்கிற ஷெர்ரர் ஃபார்முலா 1918லயே வந்தது, அதுல மெஷினோட சொந்த அகலத்த கழிக்காம போட்டு எல்லாமே நானோனு எழுதிடறாங்க.

இதோட பெரிய குறை வேலை. மெஷின் கோடியத் தொடுற வெல, ஒரு எடத்துல ஒண்ணுதான் இருக்கும், அதுக்கு ஒரு ஆபரேட்டர். பல எடத்துல ஸ்டூடண்ட் பொடிய கவர்ல போட்டு பேர் எழுதி குடுத்துட்டு வரணும், ரெண்டு வாரம் கழிச்சு ஃபைல் மெயில்ல வரும், அத கத்துகிட்டேன்னு சொல்லிக்க முடியாது. சிமெண்ட் ஆலையில, மருந்துல, ஆராய்ச்சியில எடம் இருக்கு, எண்ணிக்கை கம்மி. பிஎச்டி போறதுனா எக்ஸ்ஆர்டி நல்ல அஸ்திவாரம். அடுத்த மாசம் சம்பளம் வேணும்னா இது இல்ல.

சம்பளம்னு வந்துட்டா குரோமட்டோகிராஃபி. எச்பிஎல்சி, ஜிசி, ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ்னு பேரு நீளமா இருக்கும், அடிப்படை ஒண்ணுதான், கலவைய ஒரு குழாய் வழியா ஓட விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல வெளிய வரும். இத கண்டுபுடிச்சது கெமிஸ்ட் கூட இல்ல, ஸ்வெட்னு ஒரு ரஷ்ய தாவரவியல்காரர், 1900கள்ல இலையோட சாற சுண்ணாம்புப் பொடி அடைச்ச குழாய்ல விட்டு பச்சையும் மஞ்சளுமா பட்டை பட்டையா பிரிச்சாரு. அப்பறம் ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. இங்கிலாந்துல லீட்ஸ்ல கம்பளித் தொழில் ஆராய்ச்சி சங்கத்துல வேல பாத்த மார்ட்டினும் சிங்கும் கம்பளியில இருக்குற அமினோ ஆசிட்ட பிரிக்க வழி தேடிகிட்டு 1941ல புது முறை ஒண்ணு கொண்டு வந்தாங்க, 1952ல நோபல். பாட்டனியில பொறந்து, துணித் தொழில்ல வளந்து, இப்ப மருந்து கம்பெனிங்க இது இல்லாம ஒரு மாத்திரைய வெளிய விட முடியாது.

நம்மூர் உதாரணமே எடுங்க. ஏற்காட்டு காப்பி. அரபிகால காஃபின் சுமாரா 1.2 சதவீதம், ரொபஸ்டால கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு, சிக்கரியில காஃபினே கெடையாது. காப்பி சிக்கரி கலவையில காப்பி 51 சதவீதத்துக்கு கொறையக் கூடாதுன்னு உணவுச் சட்டம் சொல்லுது. பொடிய சுடுதண்ணியில கரைச்சு வடிகட்டி எச்பிஎல்சியில ஏத்துனா காஃபின் பீக் தனியா வரும், 273 நானோமீட்டர்ல பாத்தா தெளிவா இருக்கும். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, மலிவான ரொபஸ்டாவ கொஞ்சம் சேத்தா சிக்கரியால கொறஞ்ச காஃபின் சரியாயிடும், எண்ண மட்டும் பாக்குறவன் ஏமாந்துடுவான். அதுக்கு ரொபஸ்டால நல்லாவே இருந்து, அரபிகால பேருக்கு மட்டும் இருக்குற 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால்னு ஒண்ண தேடணும். மஞ்சளுக்கும் இதே மாதிரி, சாதா ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாத்தா மொத்த நெறத்தத்தான் சொல்லும், எச்பிஎல்சி குர்குமினையும் அதோட ரெண்டு தம்பிங்களையும் தனித்தனியா காட்டும். ஏத்துமதிக்காரங்க அந்த மூணு எண்ணும் கேப்பாங்க.

இதே ஜிசிய, அதாவது ஆவியாக்கி ஓட விட்டு பிரிக்கிற வகைய, ரத்தத்துல ஆல்கஹால் பாக்க கோர்ட்டுக்கு வெக்கிறாங்க, விளையாட்டு வீரருக்கு ஊக்க மருந்து பாக்க வெக்கிறாங்க, பழைய பானை ஓட்டுக்குள்ள ஊறிப்போன கொழுப்ப எடுத்து அதுல பாலா கறியா எது காச்சுனாங்கனு தொல்லியல்காரங்க பாக்குறாங்க, அந்த செவ்வாய் வண்டியிலயும் எக்ஸ்ஆர்டி பக்கத்துலயே ஒரு ஜிசி உக்காந்திருக்கு.

இவ்ளோ எடத்துல இருக்கே, எல்லா எடத்துக்கும் போயிடலாமான்னா, இங்கதான் நோட்டீஸ்ல போடாத விஷயம். மெஷின்ல ஏத்துறது வேலையில காவாசி, மீதி முக்காவாசி சாம்பிள தயார் பண்றதுதான், அது துறைக்கு துறை சுத்தமா வேற. காப்பிக்கு சுடுதண்ணி போதும். மல்கோவா மாம்பழத்துல பூச்சிமருந்து மிச்சம் பாக்கணும்னா பழத்த கூழாக்கி அசிட்டோநைட்ரைல் ஊத்தி உப்பு போட்டு குலுக்கி பிரிச்சு சுத்தம் பண்ணி, 2003ல வந்த க்வெச்சர்ஸ்னு ஒரு முறை, அதுலயே கை பழக மாசக்கணக்குல ஆகும். ரத்தம்னா பாட்டில மூடி சூடு பண்ணி மேல நிக்குற ஆவிய எடுக்கணும். பானை ஓடுனா பொடி பண்ணி கொழுப்ப எடுத்து ஆவியாகுற மாதிரி ரசாயனமா மாத்தணும். காப்பி லேப்ல அஞ்சு வருஷம் இருந்தவன் பூச்சிமருந்து பக்கம் போனா பாதி புதுசு. இன்னொரு பக்கம் பேப்பர் வேலை, மருந்துல ஒவ்வொரு பீக்க தொட்டதுக்கும் ஏன் தொட்டனு பதிவு இருக்கணும், உணவு லேப்ல, லேபுக்கு அங்கீகாரம் குடுக்குற என்ஏபிஎல்லோட ஆடிட் வேற மாதிரி கேக்கும்.

கூட வர்றது எதுன்னா மெஷினோட மனசு. பம்ப் பிரஷர் ஏறுனா எங்க அடைப்பு, பேஸ்லைன் ஆடுனா காத்து குமிழா டிடெக்டர் பல்பா, பீக் வால் இழுத்தா காலம், அதான் அந்த பிரிக்கிற குழாய் (column), செத்துப்போச்சா இல்ல கரைசல் பிஎச் தப்பா, இத கண்டுபுடிக்கத் தெரிஞ்சவன எந்த துறையும் வேண்டாம்னு சொல்லாது. ஒரு காலம் பல ஆயிரம் ரூவா, அத ரெண்டு மாசத்துல சாவடிக்கிறவனுக்கும் வருஷம் முழுக்க ஓட்டுறவனுக்கும் வித்தியாசம் முதலாளிக்கு நல்லாவே தெரியும். வேலை சலிப்பா இருக்கும், அத முன்னாடியே சொல்லிடறேன், ஒரே பீக்க நாளெல்லாம் பாக்கணும். ஆனா சேலம், ஈரோடு, நாமக்கல் சுத்துவட்டாரத்துல உணவு, மஞ்சள், ஸ்டார்ச், தீவனம், தண்ணினு டெஸ்டிங் ஓடிகிட்டேதான் இருக்கு, நாலுல இதுக்குத்தான் உள்ளூர்ல ஆள் தேடுறாங்க.

பிசிஆர் பத்தி கொரோனாக்கு அப்பறம் யாருக்கும் விளக்கம் தேவையில்ல. 95 டிகிரியில டிஎன்ஏ ரெண்டா பிரியும், எறக்குனா பிரைமர்ங்கற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டும், 72ல நகல் வளரும், ஒவ்வொரு சுத்துக்கும் ரெட்டிப்பு, 30 சுத்துல ஒண்ணு 107 கோடி ஆயிடும், கேரி மல்லிஸ் 1983ல யோசிச்சது. சேலத்துக்கு இது நேரா உதவுற எடம் மரவள்ளி. தேமல் நோய் வெள்ளை ஈயால மட்டும் பரவுறதில்ல, வெதக் கரணையிலயே வருது, இலை பாக்க சுத்தமா இருந்தாலும் உள்ள வைரஸ் இருக்கலாம், அத நடுறதுக்கு முன்னாடியே பிசிஆர் சொல்லிடும். ஏத்தாப்பூர்ல மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஏற்காட்டுல ஆர்க்கிட் பூங்கா வெச்சிருக்காங்க தாவரவியல் ஆய்வுத் துறையில, பூ பூக்காத ஆர்க்கிட்ட என்ன இனம்னு சொல்றது பெரிய ஆளுங்களுக்கே கஷ்டம், அதுக்கும் ரெண்டு ஜீன் துண்டப் படிச்சு பாக்குற முறை இருக்கு. இறைச்சியில கலப்படம், குற்ற வழக்கு, பழைய எலும்புனு நெறைய எடம் போகுது. ஆனா டிஎன்ஏ இருக்குற எடத்த தாண்டி ஒரு அடி வெளிய வராது. கல்லு, ஸ்டீல், மாத்திரை கிட்ட வேலையே இல்ல. கத்துக்கறது சுலபம், சுத்தம்தான் எல்லாம், போன வாரத்து நகல் ஒரு துளி பிப்பெட்ல இருந்தா இந்த வாரம் எல்லாமே பாசிட்டிவ். சுலபங்கறதாலயே கொரோனா சமயத்துல நெறைய பேர் கத்துகிட்டாங்க, இப்ப வெறும் பிசிஆர் தெரியும்னா ரெஸ்யூம்ல ஒரு வரிதான். டிஎன்ஏ எழுத்த வரிசையா படிக்கிற சீக்வென்சிங், டேட்டானு அடுத்த படி போகணும்னா ஊர விட்டு போகணும்.

ஜிஐஎஸ் வேற ஜாதி. மெஷினே வேண்டாம், லேப்டாப் போதும், க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், லேண்ட்சாட் சேட்டிலைட் படம் 1972ல இருந்து இருக்கு, 2008ல இருந்து இலவசம், சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியத்துல அஞ்சு நாளுக்கு ஒருவாட்டி இலவசம், இஸ்ரோவோட புவன் தளத்துல உயர மேப் இருக்கு. ஜியாலஜி, காடு, விவசாயம், கொசு எங்க பெருகுதுனு பாக்குற சுகாதாரத் துறை, ரோடு போடுறவன், டெலிவரி கம்பெனி, தேர்தல் கணக்கு போடுறவன், எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேர். நாலுல ரொம்ப அகலமா விரியுறது இதுதான், சந்தேகமே இல்ல. ஒரு பட்டன் கூட மாறாம துறை தாவலாம்.

ஆனா அகலமா இருக்குறதுலதான் வம்பு. ஏற்காட்டு மலைய சென்டினல் படத்துல பாருங்க, பசுமைக் குறியீடு என்டிவிஐ போட்டா மலை முழுக்க ஒரே பச்சை. காடு எது, காப்பித் தோட்டம் எதுனு கேட்டா மேப் முழிக்கும், ஏன்னா காப்பி சில்வர் ஓக் நெழலுக்கு கீழ நிக்குது, மெளகு கொடி வேற மரத்துல ஏறியிருக்கு, மேல இருந்து பாக்குற சேட்டிலைட்டுக்கு மரத்தோட உச்சிதான் தெரியும். சேலத்துல ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு "சேர்வராயன் மலையில காடு இவ்ளோ ஏக்கர்"னு மேப் போட்டா அதுல தோட்டமும் காடா போயிருக்கும், காடு பெருகிடுச்சுனு நாலு பேர் சந்தோஷப்படுவாங்க. தோட்டத்துல வேல பாக்குறவங்களக் கேட்டா நெழல் மரத்த எந்த மாசம் கழிப்பாங்கனு சொல்வாங்க, கழிக்கிறதுக்கு முன்ன எடுத்த படத்தையும் பின்ன எடுத்த படத்தையும் பக்கத்துல வெச்சா காட்டுல மாறாதது தோட்டத்துல மாறியிருக்கும், அந்த துப்பு சாஃப்ட்வேர்ல இல்ல. மழைக்காலத்துல மேகம் மூடிக்கும், மேகத்த தாண்டி பாக்குற ரேடார் படம் இருக்கு, அது மலைச் சரிவுல ஒரு பக்கத்த நசுக்கி இன்னொரு பக்கத்த இருட்டடிக்கும். மத்திய அமெரிக்காவுல பெலிஸ் நாட்டு காட்டுக்கு மேல 2009ல விமானத்துல லைடார் லேசர் அடிச்சு, மரத்துக்கு கீழ மறைஞ்சு கெடந்த மாயா நகரத்தோட மேடையும் ரோடும் கண்டுபுடிச்சாங்க, அதே லேசர் நெழல் மரத்துக்கு கீழ ரெண்டாவது அடுக்கா காப்பி இருக்கானும் சொல்லும், செலவுதான் யாருக்கு கட்டுப்படியாகும்.

சேலத்துக்காரங்களுக்குனே ஒரு தனி சிக்கல் இருக்கு, இத எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தந்து நான் பாத்ததில்ல. தூரம் ஏரியாலாம் மீட்டர்ல அளக்க உலகத்த 6 டிகிரி 6 டிகிரியா 60 யூடிஎம் ஸோனா பிரிச்சிருக்காங்க. 43க்கும் 44க்கும் நடுவுல இருக்குற கோடு 78 டிகிரி கிழக்கு. அது சேலம் மாவட்டத்த குறுக்கால வெட்டிகிட்டு போகுது. சேலம் டவுனும் ஏற்காடும் 44ல, மேட்டூர் டேம் 43ல. மேட்டூர் ஏரியில இருந்து சேலம் வரைக்கும் ஒரு பைப்லைன் மேப் போடுறேன்னு ரெண்டு ஃபைல அப்படியே சேத்தா ஒண்ணு எங்கயோ பறந்து நிக்கும். பழைய சர்வே மேப்ப ஸ்கேன் பண்ணி எவரெஸ்ட் டேட்டம்னு, அதாவது அந்த காலத்து அளவீட்டு அடிப்படையில போட்டதுன்னு, சொல்லாம ஏத்துனா ஏரிக்கரைக் கோடு பக்கத்து வயல்ல போய் நிக்கும், ஆக்கிரமிப்பு கேஸ்ல இது எவ்ளோ பெரிய வில்லங்கம்னு யோசிச்சு பாருங்க. பைப்லைன் பறந்து நின்னா யாராவது கண்டுபுடிச்சிடுவாங்க, கோடு கொஞ்சமா நகந்திருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க, மேப் அழகா கலர்கலரா இருக்கும். எச்பிஎல்சியில தப்பு பண்ணா பீக்கே காட்டிக் குடுத்துடும், ஜிஐஎஸ்ல தப்பு பண்ணா பிரிண்ட் போட்டு சுவத்துல மாட்டிடுவாங்க.

அதனால ஜிஐஎஸ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு கெடைக்கிறது கோடு இழுக்குற வேலை, ரோட்டு மேல கோடு, கட்டடத்த சுத்தி கோடு, சம்பளமும் அதுக்கேத்த மாதிரி. கூட ஒரு சப்ஜெக்ட் இருந்தா மதிப்பு மாறுது. ஜியாலஜி படிச்சவங்களுக்கு இப்ப இன்னும் ஒரு காரணம், பெரிய சுரங்கங்க வருஷா வருஷம் ட்ரோன் சர்வே படம் குடுக்கணும்னு 2021ல விதி வந்திருக்கு, அந்தப் படத்த வாங்கி குழி எவ்ளோ, கொட்டுன மண்ணு எவ்ளோனு கணக்கு பாக்க ஆள் வேணும்.

இன்னொரு வகையும் இருக்கு, ஓட்டக் கத்துக்க வேண்டியதில்ல, ஒழுங்கா அனுப்பக் கத்துகிட்டா போதும். பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கெடச்ச இரும்பு கிமு 2172னு தேதி வந்துச்சே, அது ஏஎம்எஸ்ங்கற கார்பன் கணிப்பு. அந்த மெஷின ஓட்டுறவங்க நாட்டுலயே கொஞ்சம் பேர்தான். ஆனா கரித்துண்ட எந்த அடுக்குல இருந்து எடுத்தோம், வேர் ஊடுருவி இருந்துச்சா, கை படாம எடுத்தமா, இத சரியா பண்ணாத்தான் அந்த தேதிக்கு மதிப்பு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் அப்படித்தான், பணம் கட்டுனா ஐஐடி மெட்ராஸ் மாதிரி எடத்துல எடுத்துத் தருவாங்க. இதுக்கெல்லாம் தனி கோர்ஸ்னு காசு கட்டாதீங்க.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ இந்த போட்டியில சேக்கல, ஏன்னா அது ஆப்ஷன் இல்ல, எது எடுத்தாலும் கூட வேணும். மனுஷங்க உடம்பு அளவ ஒப்பிட மஹலனோபிஸ் 1936ல குடுத்த தூரக் கணக்க இன்னிக்கு இந்த காப்பி அந்த மலைதானானு பாக்கவும் போடுறாங்க. 1958ல நோயாளி எவ்ளோ நாள் உயிரோட இருக்காங்கனு பாக்க வந்த கப்லான்-மையர் கோட்ட பம்ப் மோட்டார் எப்ப பழுதாகும்னு பாக்கவும் போடுறாங்க. ஆர் சாஃப்ட்வேர் இலவசம், ராத்திரி அரை மணி நேரம் உக்காந்தா வந்துடும்.

இப்ப முடிவு. கெமிஸ்ட்ரி படிச்சு சேலத்துலயே இருக்கணும்னா எச்பிஎல்சி, ரெண்டாவது யோசனையே வேண்டாம், கோர்ஸ விட சின்ன லேப்ல டிரெயினியா சேர்றது மேல, ஆரம்பத்துல பாட்டில் கழுவ விடுவாங்க, கழுவுங்க. பிசிக்ஸ்னா எக்ஸ்ஆர்டி, ஆனா பிஎச்டி ஆசை இருந்தா மட்டும். ஜியாலஜினா ஜிஐஎஸ், கூட கொஞ்சம் எக்ஸ்ஆர்டி படிக்கத் தெரிஞ்சா கல்லையும் தெரியும் மேப்பும் தெரியும்ங்கற ஆளு ஆயிடலாம், அந்த மாதிரி ஆளுங்க கம்மி. பாட்டனிதான் கொழப்பம், பிசிஆர்னு எல்லாரும் தள்ளி விடுறாங்க, எனக்கென்னவோ செடி பேரு தெரிஞ்ச ஒருத்தர் ஜிஐஎஸ் கத்துகிட்டா காட்டையும் தோட்டத்தையும் பிரிக்கிற அந்த வேலைக்கு அவங்கதான் சரியான ஆளு, பிசிஆர் அப்பறமும் கத்துக்கலாம்.

கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி நேர்ல போய் கேளுங்க. ஒரு மெஷினுக்கு எத்தன பேரு? நாங்களே ஓட்டுவமா இல்ல சுத்தி நின்னு பாக்குறமா? காலம் மாத்த, பம்ப் சீல் மாத்த விடுவீங்களா? ஜிஐஎஸ்னா, ஃபீல்டுக்கு கூட்டிட்டு போவீங்களா இல்ல ரெடியா இருக்குற டேட்டாலயே முடிச்சிடுவீங்களா? மெஷின் ரூம் பூட்டியிருந்தா, சாவி சார் கிட்ட இருக்கு நாளைக்கு வாங்கன்னு சொன்னா, நாளைக்கு போக வேண்டாம்.

அக்கா பொண்ணு ஒரு உணவு டெஸ்டிங் லேப்ல டிரெயினியா போறதா முடிவு பண்ணியிருக்கா, சம்பளம் கம்மினு அக்காவுக்கு வருத்தம். ஜியாலஜிக்காரி க்யூஜிஐஎஸ் இறக்கி மேட்டூர் மேப்ல ஸோன் 43 கிட்ட மாட்டிகிட்டு மெசேஜ் போட்டிருக்கா. பாட்டனி இன்னும் யோசிச்சிட்டு இருக்காங்க.